நூட்சென் செல்லா, டிரான்ஸ்பிரேஷனா: டர்பன் கரண்டுக்கு எது தாங்குது

லேபுக்கு புதுசா வந்த தம்பி ஒருத்தர் கேட்டாரு, "அண்ணே, மெட்டல் காம்பவுண்டோட ஆவி அழுத்தம் அளக்கணும், நூட்சென் செல் கட்டவா, டிரான்ஸ்பிரேஷன் கட்டவா"ன்னு. நூட்சென் செல்னா ஓட்டை போட்ட டப்பாலேந்து ஆவி கசியறத அளக்கிறது, டிரான்ஸ்பிரேஷன்னா தூள் மேல கேஸ் ஓட்டி அது தூக்கிட்டு வர்றத அளக்கிறது. வாயால சொன்னா பாதி விட்டுப்போயிடும், அதான் எழுதிடறேன். ரெண்டையும் கட்டி ஓட்டினவன் நான், இப்ப என் மேசைல இருக்கிறது டிரான்ஸ்பிரேஷன் தான், அதனால என் சாய்வு எந்தப் பக்கம்னு முதல்லயே தெரிஞ்சுக்கோங்க.

நான் அளக்கிறது குரோமியம் அசிட்டைல்அசிட்டோனேட். கத்திரிக்காய் தோல் கலர்ல ஒரு தூள், சூடு பண்ணா உருகுறதுக்கு முன்னாடியே ஆவியா கிளம்பும். இந்த மாதிரி காம்பவுண்ட ஆவியாக்கித்தான் மெட்டல் படலம் படிய வைக்கிறாங்க, எந்த சூட்டுல எவ்வளவு ஆவி வரும்னு தெரியலன்னா படலம் ஒரு நாள் தடிமனா வரும் ஒரு நாள் வரவே வராது.

மூடின பாத்திரத்துல வெச்சு நேரா மானோமீட்டர்ல படிக்கிற ஸ்டாட்டிக் முறைய நான் எடுக்கல, ஏன்னா கொஞ்சம் சால்வென்ட் ஒட்டிட்டு இருந்தாலும் அதோட அழுத்தமும் சேந்து வரும். சூடு பண்ணிட்டே எடை எடுக்கிற டிஜிஏ மெஷின்ல எடை குறையறத பாக்கிறது முதல் அந்தாசுக்கு நல்லது, அரை நாள்ல வேலை முடியும், ஆனா பென்சாயிக் ஆசிட் மாதிரி தெரிஞ்ச பொருள வெச்சு கேலிபரேட் பண்ணணும், அதுக்கு மேல நம்ப முடியாது.

இப்ப நூட்சென். 1909ல டென்மார்க் இயற்பியலாளர் மார்ட்டின் நூட்சென் சொன்ன விஷயம், சின்ன டப்பா, மூடில ஊசி முனை மாதிரி ஓட்டை, நல்ல வாக்குவம்ல வெச்சா ஆவி ஓட்டை வழியா கசியும், எவ்வளவு எடை எவ்வளவு நேரத்துல போச்சுன்னு பாத்தா அழுத்தம் வந்துடும். அழகான முறை, மறுக்கவே மாட்டேன். பெரோசீன்ங்கிற இரும்பு காம்பவுண்டோட ஆவி அழுத்தம் 25 டிகிரில சுமார் 1 பாஸ்கல் தான், 1 மில்லிமீட்டர் ஓட்டைல அது மணிக்கு கிட்டத்தட்ட 10 மில்லிகிராம் போகும், கணக்கு போட்டு பாருங்க. அதே 10 மில்லிகிராம டிரான்ஸ்பிரேஷன்ல அந்த சூட்டுல எடுக்கணும்னா 130 லிட்டருக்கு மேல கேஸ் ஓட்டணும். அழுத்தம் கம்மியா இருக்கிற இடத்துல நூட்சென் தான் ராஜா.

ஆனா அந்த வாக்குவத்துக்கு கரண்டு நிக்காம வேணும். நான் இத கட்டினது 2023ல, இங்க தென்னாப்பிரிக்காவுல முறை வெச்சு கரண்ட நிறுத்தற லோட் ஷெட்டிங் ஸ்டேஜ் 6 ஓடிட்டு இருந்த காலம், ரெண்டு ரெண்டு மணி நேரமா ஒரே நாள்ல பல தடவை போகும். ஒரு தடவை ஆறு மணி நேர ரன்ல நாலாவது மணில போயிடுச்சு, வாக்குவம் பிடிக்கிற டர்போ பம்ப் சுத்தறது நின்னு, ரோட்டரி பம்ப்ல திரும்பி வராம தடுக்கிற வால்வு இல்லாததால ஆயில் பின்னாடி இழுத்துட்டு சேம்பர் வரைக்கும் வந்துடுச்சு. திறந்தா செல் மூடில மஞ்சளா வழவழன்னு ஒரு பூச்சு, எடை எடுத்தா என்னத்த எடுக்கிறது. சுத்தம் பண்ணி ரப்பர் ஓ ரிங் சீல் மாத்தி திரும்ப வாக்குவம் பிடிக்க நாலு நாள். யுபிஎஸ் போடலாம்னு சொல்வீங்க, போட்டோம், பம்பையும் ஹீட்டரையும் சேத்து ரெண்டு மணி நேரம் இழுக்கிற பேட்டரி விலைய கேட்டப்புறம் கழட்டிட்டோம்.

டிரான்ஸ்பிரேஷன்ல விஷயமே வேற. ஈரத்துணி மேல காத்து போனா ஈரத்த தூக்கிட்டு போற மாதிரி, சூடான தூள் மேல மெதுவா நைட்ரஜன் போகுது, அது நிரம்பிட்டு வெளிய வரும்போது குளிர்ந்த குழாய்ல பொருள் படியுது. படிஞ்ச மோல் கணக்கையும் ஓடின கேஸ் அளவையும் வெச்சு அழுத்தம். இங்க எண்றது கேஸ், நேரம் இல்ல, இதத்தான் நான் திரும்பத் திரும்ப சொல்றேன். கரண்டு போனா வால்வ மூடு, ரன் தூங்கும், கரண்டு வந்து சூடு ஏறி நிலைச்சதும் திற, விட்ட இடத்துலேந்து போகும். கேஸ் சிலிண்டர்லேந்து வர்றதுக்கு கரண்டு வேணாம், அளவு பாக்க சோப்பு குமிழி மீட்டரும் ஸ்டாப்வாட்சும் போதும். 50 லிட்டர் சிலிண்டர் 200 பார்ல இருந்தா சுமார் 10,000 லிட்டர் கேஸ், மணிக்கு 3 லிட்டர்னா நாலு மாசத்துக்கு மேல நிக்காம ஓடும்.

நின்ன நேரத்துல பொருள் தானா நகந்து குழாய்ல படியாதான்னு கேப்பீங்க. படியும். அதனால கேஸே ஓடாம ரெண்டு மணி நேரம் சூட்டுல வெச்சு அத தனியா அளந்து கழிச்சுக்கணும். அதே மாதிரி கேஸ் வேகத்த மாத்தி மாத்தி ஓட்டி பாக்கணும், ரொம்ப மெதுவா போனா இந்த நகர்றது கணக்க ஏத்திடும், வேகமா போனா கேஸ் நிரம்பாமலே வெளிய வந்துடும், நடுவுல வேகம் மாத்தினாலும் அழுத்தம் மாறாத இடத்துல தான் உக்காரணும். சூட்ட ஒரு டிகிரி தப்பா படிச்சா பெரோசீனுக்கு 60 டிகிரில கிட்டத்தட்ட 8 சதவீதம் தப்பு, தெர்மோமீட்டர தூள் பக்கத்துலயே வைங்க, பிளாக்ல வேணாம்.

இன்னொரு சந்தோஷம், படிஞ்சது கண்ணுக்கு தெரியும். கண்ணாடிக்குள்ள ஊதா வளையம், அசிட்டோன்ல கரைச்சு நிறத்த அளந்தா தராசுக்கு ஒரு சாட்சி, பொருளும் கைக்கு திரும்ப கிடைக்கும். நம்ம நாட்டு பிளாட்டினத்துல செஞ்ச காம்பவுண்ட்னா இது பெரிய விஷயம்.

நூட்சென் பக்கம் ஒரு நியாயம் சொல்லியாகணும். ஆவில மூலக்கூறு ரெண்டு ரெண்டா ஒட்டிட்டு போகுதுன்னா டிரான்ஸ்பிரேஷன் கணக்கு மூலக்கூறு எடைக்கு நேரா தப்பும், நூட்சென்ல அதோட வர்க்கமூலம் அளவுக்குத்தான் தப்பும். ரெண்டு முறைலயும் விடை ஒத்துப்போகலன்னா அங்க ஒட்டுதான்னு சந்தேகப்படலாம், அதனால பழைய செல்ல நான் தூக்கிப் போடல, அலமாரில இருக்கு. காத்து பட்டா கெட்டுப்போற ஆல்காக்சைடு மாதிரி பொருள நான் ஓட்டினதில்ல, டர்பன் பிப்ரவரி ஈரத்துல அதுக்கு என்ன பாடு படணுமோ, அனுபவம் உள்ளவங்க கிட்ட கேளுங்க.

தம்பி, கரண்டு போனா முதல்ல சிலிண்டர் பக்கத்து வால்வு, அடுத்த நிமிஷமே வெளிய போற பக்கத்து வால்வு. மாத்தி மூடினா உள்ள அழுத்தம் ஏறும், வெளிப்பக்கத்த திறந்தே விட்டா ஆறும்போது ரூம் காத்த இழுத்துக்கும். வால்வு மேல 1, 2ன்னு பெயிண்ட்ல எழுதி வெச்சிருக்கேன், இருட்டுல கைல டார்ச்சோட வந்தாலும் தெரியும்.