முன்சக்கர பேரிங்: வீட்டில் புல்லரா, லேத் பட்டறை பிரெஸ்ஸா?

புளியரையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறும் வளைவுகளில் வலப்பக்கம் திரும்பும்போது முன்பக்க உறுமல் கூடினால், பெரும்பாலும் இடது பேரிங்கே தேய்ந்திருக்கும்; அந்தத் திருப்பத்தில் எடை இடப்பக்கம் சாய்கிறது. நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) அழுத்திப் பொருத்தும் வகை பேரிங்கை மாற்ற இரண்டு வழிகள் உள்ளன: திருகை இறுக்கிப் பேரிங்கை இழுத்தெடுக்கவும் ஏற்றவும் உதவும் புல்லர் கருவியால் வீட்டிலேயே செய்வது, அல்லது லேத் பட்டறையின் பிரெஸ் எந்திரத்தில் அழுத்திக் கொள்வது.

செலவு: புல்லர் செட் வாங்குவது ஒருமுறைச் செலவு. பட்டறையில் ஒவ்வொரு முறையும் பிரெஸ் கூலி உண்டு.

உழைப்பு: புல்லர் இருந்தால் நக்கிளை வண்டியிலேயே விட்டுவிடலாம். பட்டறைக்கு அதை முழுதாகக் கழற்ற வேண்டும். நக்கிளை ஸ்ட்ரட்டோடு (ஷாக் அப்சார்பர் தூண்) இணைக்கும் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால் பிறகு சக்கரக் கோணங்களைச் சரிபார்க்கும் அலைன்மென்டும் பார்க்க வேண்டும். பழைய பேரிங்கின் உள்வளையம் ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) ஒட்டிக்கொண்டு வந்தால் வீட்டில் பெரும்பாடு.

ஆயுள்: இதுதான் முக்கியம். பேரிங்கை நக்கிளில் ஏற்றும்போது விசை வெளிவளையத்தில் மட்டுமே விழ வேண்டும். உள்வளையத்தை அழுத்தினால் குண்டுகள் ஓடுதடத்தில் பள்ளம் பதித்து, புதுப் பேரிங்கும் விரைவில் இரையத் தொடங்கும். இதனால்தான் சுத்தியலை நான் அறவே விலக்குகிறேன். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வண்டியில் பேரிங்கின் காந்த வளையமுள்ள பக்கம் சக்கர வேக சென்சாரை நோக்க வேண்டும்.

பேரிங்குக்குச் சரியான அளவு அழுத்து வளையங்களோடு புல்லர் உள்ளவருக்கு வீடு போதும். முதன்முறை செய்பவருக்குப் பட்டறையே பொருத்தம். எதுவானாலும் ஆக்சில் நட்டைப் புதிதாக மாற்றி, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள்.