உள்ளூர் ஆட்டம் உள்ளூரில் தெரிய எது நல்ல வழி?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் முதல்நிலை பேஸ்பால் அணி ஒன்றுகூட கிடையாது. ஆனாலும் அங்கே இருந்துகொண்டு முதல்நிலை பேஸ்பால் லீக்கான எம்எல்பியின் இணைய நேரலைச் சேவை எம்எல்பி டிவிக்குச் சந்தா கட்டிய பலருக்குப் பல ஆண்டுகள் ஆறு அணிகளின் ஆட்டங்கள் நேரலையில் தெரியவில்லை. சிகாகோவின் கப்ஸ், ஒயிட் சாக்ஸ் இரண்டும் போக கார்டினல்ஸ், ராயல்ஸ், ட்வின்ஸ், ப்ரூவர்ஸ் என்று சுற்றியுள்ள எல்லா அணிகளும் அயோவாவைத் தங்கள் சொந்தப் பகுதி என்று உரிமை கொண்டாடியதுதான் காரணம். அந்தப் பகுதிக்கான ஒளிபரப்பு உரிமை வட்டார விளையாட்டு சேனல்களிடம் இருந்தது. உங்கள் கேபிளில் அந்த சேனல் வராவிட்டால், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாலும் உங்களுக்கு விற்க ஆள் இருக்கவில்லை.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். விலை அதிகம் என்றால் வாங்காமல் இருந்துவிடலாம். விலையே சொல்லாமல் கதவைச் சாத்துவதை எப்படி ஏற்பது? அதனால் இந்த அலசலில் நான் முதலில் பார்ப்பது, பார்க்க விரும்புகிற ஒருவருக்கு அந்த வழியில் ஆட்டம் உறுதியாகக் கிடைக்குமா என்பதைத்தான்.

பழைய வழி, கேபிளுக்குள் பூட்டிய வட்டார சேனல். இதன் உச்சம் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி. 2013-இல் டைம் வார்னர் கேபிளோடு 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க, புதிய சேனலுக்கு ஒவ்வொரு சந்தாதாரர் தலையிலும் மாதம் 4 டாலருக்கு மேல் கேட்டார்கள். செயற்கைக்கோள் டிவி நிறுவனமான டைரக்டிவி உள்ளிட்ட மற்ற நிறுவனங்கள் மறுத்துவிட்டன. 2014-இல் சேனல் தொடங்கியபோது நகரத்தில் பெரும்பாலான வீடுகளில் அது வரவில்லை. அந்த ஜூனில் அணியின் பந்துவீச்சாளர் கிளேட்டன் கெர்ஷா எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தபோது, சொந்த ஊர் ரசிகர்களில் பெரும்பாலோர் அதை நேரலையில் பார்க்கவில்லை. 67 சீசன்கள் அந்த அணிக்கு வர்ணனை செய்த வின் ஸ்கல்லி 2016-இல் ஓய்வுபெற்றார். அவருடைய கடைசிச் சில ஆட்டங்களை மட்டும் கேடிஎல்ஏ என்ற இலவச சேனலில் காட்டினார்கள். டைரக்டிவியோடு சமாதானம் வந்தது 2020 ஏப்ரலில். ஆறு சீசன்கள் அப்படியே போயின. அந்த ஆறு ஆண்டுகளில் பத்து வயதிலிருந்து பதினாறு வயதுக்கு வளர்ந்த பிள்ளைகள் அந்த ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

டென்வர் கதையும் இதே மாதிரிதான். கூடைப்பந்து அணி நக்கெட்ஸ், ஐஸ் ஹாக்கி அணி அவலாஞ்ச் இரண்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே, அவற்றைக் காட்டும் ஆல்டிட்யூட் என்ற வட்டார சேனலும் அவருடையதுதான். 2019-இல் அந்த ஊரின் பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்டிலிருந்து அது காணாமல் போனது. திரும்பி வந்தது 2025-இல். இடையில் 2022-இல் அவலாஞ்ச் ஹாக்கி லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்றது, 2023-இல் நக்கெட்ஸ் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் தன் முதல் பட்டத்தை வென்றது. இறுதிப் போட்டிகள் தேசிய சேனலில் வந்ததால் தப்பித்தார்கள். சீசன் முழுக்க அந்த அணிகள் உருவானதை காம்காஸ்ட் வீடுகள் பெரும்பாலும் பார்க்கவில்லை. காம்காஸ்ட் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: பார்க்காதவர் எதற்கு அந்த சேனலுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்? சரியான கேள்வி. ஆனால் அந்தச் சண்டைக்கு விலை கொடுத்தவர்கள், ஆட்டத்தைப் பார்க்க விரும்பியவர்கள்தான்.

இணையத்தில் நேரடிச் சந்தா இரண்டாவது வழி. வட்டார சேனல்களை நடத்திய டயமண்ட் நிறுவனம், 800 கோடி டாலருக்கும் மேற்பட்ட கடனோடு 2023 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. சான் டியாகோ பாட்ரேஸ் என்ற பேஸ்பால் அணிக்குத் தர வேண்டிய பணத்தைக் கட்டாததால், மே மாத இறுதியில் எம்எல்பி லீக்கே ஒளிபரப்பை எடுத்துக்கொண்டது. அப்போது உள்ளூர்க்காரர்களுக்கு மாதம் 19.99 டாலர், கேபிள் தேவையில்லை, அயோவாவில் நடந்ததுபோல உள்ளூரில் ஆட்டத்தை மறைக்கும் இருட்டடிப்பும் இல்லை. பணம் கொடுத்தால் ஆட்டம் உறுதி என்ற அளவில் இது பெரிய முன்னேற்றம். குறை என்னவென்றால், தற்செயலாக சேனல் மாற்றும்போது கண்ணில் பட்டு ரசிகராகும் வாய்ப்பு இதில் இல்லை. ஏற்கெனவே ரசிகராக இருப்பவர்தான் சந்தா கட்டுவார்.

மூன்றாவது, பழைய ஆன்டெனா. 2023-இல் ஃபீனிக்ஸ் சன்ஸ் கூடைப்பந்து அணி டயமண்டின் வட்டார சேனலை விட்டுவிட்டு இலவசத் தொலைக்காட்சிக்கு மாறியது. திவால் வழக்கு நடந்த நீதிமன்றத்தில் அதற்குத் தடையும் வந்தது, விலகியும் போனது. யூட்டா ஜாஸ் என்ற இன்னொரு கூடைப்பந்து அணி அதே ஆண்டு கேஜேஇசட்இசட் என்ற இலவச சேனலுக்கு வந்தது, கூடவே மாதம் 15.50 டாலருக்கு இணையச் சந்தாவும் வைத்தது. காசில்லாதவர் ஆன்டெனாவில் பார்க்கலாம், ஆன்டெனா எட்டாத மலைப்பகுதியில் இருப்பவர் இணையத்தில் பார்க்கலாம். விரும்புகிறவருக்கு ஆட்டம் உறுதி, தற்செயலாகக் கண்ணில் படும் வாய்ப்பு என்று நான் கேட்கும் இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகிறது. அணிக்கு உரிமைப் பணம் குறையலாம். கூடைப்பந்துக்கு 82 ஆட்டம் என்றால் பேஸ்பாலுக்கு 162, அத்தனைக்கும் ஒரு உள்ளூர் நிலையம் நேரம் ஒதுக்குவது கஷ்டம். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் இதை எப்போதோ செய்துவிட்டது. ஆட்டம் கேபிளிலோ இணையத்திலோ போனாலும், விளையாடும் அணிகளின் சொந்த ஊரில் ஏதாவது ஒரு இலவச சேனலில் அது வந்தாக வேண்டும்.

நம்மூரிலும் இந்தச் சண்டை உண்டு. 2023 பிப்ரவரியில் கட்டணத் தகராறில் பெரிய ஒளிபரப்பாளர்கள் பல கேபிள் நிறுவனங்களுக்கு சிக்னலை நிறுத்தியபோது, டெல்லியில் இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. மறுநாளே ஜடேஜா 42 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். முக்கியமான ஆட்டங்களை தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007-இல் வந்த சட்டம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகிர்வு ஆன்டெனாவுக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும் என்று சொல்லிவிட்டது. கேபிள் வீட்டுக்கு அந்தச் சட்டம் உதவாது.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எம்எல்பி டிவி வாங்கும் முன் அவர்களுடைய பக்கத்தில் உங்கள் ஜிப் கோடைப் போட்டு, எந்தெந்த அணிக்கு இருட்டடிப்பு என்று பாருங்கள். உங்கள் அணி அந்தப் பட்டியலில் இருந்தால் அணியின் சொந்தச் சந்தா உண்டா, ஆன்டெனாவில் எத்தனை ஆட்டம் வருகிறது என்று தேடுங்கள். அப்புறம் கேபிளை யோசிக்கலாம். ஒன்றுமே சரிப்படாவிட்டால் லீக்கின் ஆடியோ சந்தா இருக்கிறது. விலையும் குறைவு, அதற்கு உள்ளூர் இருட்டடிப்பும் கிடையாது.