49 வெள்ளிக்கு வந்துவிட்ட இயர்பட்ஸ்: ஒன்றரை வருடம் போட்ட பிறகு

தங்கை மகன் ஈப்போவில் உங்கு ஓமார் பொலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறான். சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் பஸ். "மாமா, நீங்க வச்சிருக்கிற அதே இயர்பட்ஸ் இப்ப 49 வெள்ளிக்குப் போட்டிருக்கான், எடுக்கட்டா?" என்று கேட்டான். நான் எடுத்தபோது 79 வெள்ளி. அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சத்தத்தில் குறையே கிடையாது. இந்த விலைக்கு இவ்வளவு தெளிவை நான் எதிர்பார்க்கவில்லை. மின்னல் எஃப்எம்மில் பழைய பாட்டு போகும்போது தபலாவின் விரல் தட்டு தனியாகக் கேட்கிறது. பேஸ் கொஞ்சம் தூக்கல்தான், பஸ் இரைச்சலில் அதுவும் நல்லதற்கே. எனக்கு ரொம்பப் பிடித்தது ஒற்றைக் காதில் போட முடிவது. லோரிகள் செம்பனைக் குலைகளைக் கொண்டுவந்து கொட்டும் ராம்ப்பில் எனக்கு வேலை. லோரி பின்னால் வரும் சத்தம் கேட்க ஒரு காது எப்போதும் திறந்திருக்க வேண்டும். இடது பக்கம் பாடும்போது வலது பக்கம் டப்பாவில் சார்ஜ் ஏறும், பிறகு மாற்றிக்கொள்வேன். வேலை முடியும்வரை பாட்டு நிற்காது.

வெட்டவெளியில் மட்டும் சில நேரம் அறுந்து அறுந்து பாடும். சாயங்காலம் திடலில் நடக்கும்போது, போன் இடது பாக்கெட்டிலும் பட்ஸ் வலது காதிலும் இருந்தால் கட்டாயம் வெட்டும். புளூடூத் போவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். நம் உடம்பில் உள்ள தண்ணீர் அதை உறிஞ்சிவிடுகிறது. வீட்டுக்குள் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி எப்படியோ காதுக்கு வந்துசேரும். திடலில் திருப்பி அனுப்பச் சுவர் ஏது? போனை அதே பக்கப் பாக்கெட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும். இதை நான் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன்.

என் ஆத்திரமெல்லாம் சார்ஜ் ஏறும் அந்த இரண்டு புள்ளிகள் மீதுதான். பட்ஸின் அடியில் கடுகைவிடச் சின்னதாக இரண்டு தங்க நிறப் புள்ளிகள், டப்பாவுக்குள் அவற்றைத் தொடும் இரண்டு ஸ்பிரிங் ஊசிகள். நம் ஊர் புழுக்கத்தில் காது வேர்க்காமல் இருக்குமா? அந்த ஈரத்தோடு டப்பாவில் வைத்தால் உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடி உலோகத்தை அரிக்கிறது. சில மாதத்தில் வலது பக்கப் புள்ளியில் பச்சையும் கறுப்புமாக ஒரு படிவம் வந்தது. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருக்கிறார்கள். தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்பதுதான் அதற்குப் பொருள். வேர்வை உப்புக்கு அது உத்தரவாதம் இல்லை, டப்பாவுக்கும் சேர்த்துச் சொன்னதும் இல்லை.

சார்ஜ் ஏறாமல் போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஊசி சரியாகத் தொடாவிட்டால், தான் டப்பாவுக்குள் இருப்பதே பட்ஸுக்குத் தெரியாது. அணையாமல் போனோடு இணைந்தே கிடக்கும். அம்மா கூப்பிடுவார். நான் போனைக் காதில் வைத்து "அம்மா, அம்மா" என்று கத்துவேன். அம்மாவின் குரல் மூடிய டப்பாவுக்குள் போய்க்கொண்டிருக்கும், என் குரல் அங்கே போகாது. "ஏன்டா பேசாம இருக்க, உடம்பு சரியில்லையா?" என்று பதறிப்போய் அடுத்த நிமிடம் தங்கைக்குப் போன் போட்டுவிடுவார். வயசானவரை இப்படித் திரும்பத் திரும்பப் பதற வைக்கும் சாமானை எப்படி நல்ல சாமான் என்று சொல்வது?

பஞ்சுக் குச்சியில் பார்மசி ஸ்பிரிட்டைத் தொட்டு, புள்ளியையும் ஊசியையும் துடைத்தால் சில வாரம் ஒழுங்காக இருக்கும். அப்புறம் பழையபடி. போன மாதம் டப்பா ஊசி ஒன்று உள்ளே அமுங்கி, மேலே வரவே இல்லை. டவுனில் போன் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். ஊசி முனையால் மெல்ல நெம்பி எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பேட்டரி மாற்ற முடியுமா என்றதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டார். எல்லாம் பசை போட்டு ஒட்டியது, பிரித்தால் உடையும். அதற்குள் இருக்கும் குட்டி லித்தியம் பேட்டரியும் தினமும் ஏறி இறங்கித் தேய்கிறது. முதலில் ஐந்து மணி நேரம் வந்தது இப்போது மூன்றைத் தாண்டுவதில்லை. வாங்கிய கடையில் வாரண்டி கேட்டேன். டப்பாவை வெளிநாட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள், தபால் செலவும் என்னுடையதாம்.

கணக்குப் பார்த்தால் 79 வெள்ளிக்கு ஒன்றரை வருடம், மாதம் நாலு வெள்ளி சொச்சம். அதற்கு இவ்வளவு பாட்டு கேட்டது லாபம்தான், அதை மறைக்கமாட்டேன். இருந்தாலும் தம்பி, எடுக்காதே. 29க்கு இறங்கினாலும் எடுக்காதே. நீ ஈப்போவில் இருக்கும்போது உன் அம்மாவும் இப்படித்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பாள்.

டைப்-சி முனை வைத்த வயர் இயர்போன் டவுனிலேயே 20 வெள்ளிக்குக் கிடைக்கிறது. நானும் அதைத்தான் எடுக்கப்போகிறேன். ஒன்று மட்டும், அதைப் போட்டிருக்கும்போது போனில் சார்ஜ் ஏற்ற முடியாது. பஸ் ஏறுவதற்கு முன்பே ஏற்றிக்கொள்.