வெப்ப முள்ளும் கிணற்றுத் தண்ணீரும்: கொரோலா 110உடன் பன்னிரண்டு வருசம்

ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் போன கிழமை கேட்டான்: "உந்தப் பழசைக் கட்டிக்கொண்டு இன்னும் எத்தினை நாளைக்கு மாரடிக்கப் போறாய்? வித்துப்போட்டு ஒரு சுசுக்கி வாகனாரை எடன். குறையிற காசில கொஞ்சம் நான் போடுறன்." அவன் கேட்ட நேரம் சரியில்லை. காரைக் கராஜில் இருந்து எடுத்து அன்றைக்குத்தான் மூன்றாம் நாள். 1,39,000 ரூபா எண்ணிக் கொடுத்த சூடு எனக்கு ஆறவில்லை. "பிறகு கதைக்கிறன்" என்று போனை வைத்துவிட்டேன். அந்தப் பிறகுதான் இது.

கார் 1998ஆம் ஆண்டு ரொயோற்றா கொரோலா 110. 1500 எஞ்சின், மனுவல் கியர். 110 எப்படி ஓடும், எவ்வளவு குடிக்கும் என்று எங்கட நாட்டில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2013இல் வாங்கினேன். நான் விவசாயப் போதனாசிரியர். வீடு கிளிநொச்சி 155ஆம் கட்டைப் பக்கம், வேலை ஒட்டுசுட்டான் பக்கம். கிழமையில் ஐந்து நாள் ஏ9 வீதியில் மாங்குளம் வரைக்கும் இறங்கி, அங்கே கிழக்கே திரும்பி, பிறகு வயல் எங்கே கூப்பிடுதோ அங்கே. கார்ப்பெற் வீதி பாதி, கிரவல் பாதி. டிக்கிக்குள் எப்போதும் விதைநெல் மணக்கும். பின் சீற்றின் கீழே ஒருமுறை நெல் முளைத்துக் கிடந்தது, மாரி காலத்தில். மகள் அதைப் பிடுங்க விடவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துபோவேன். 2017இல் புளியங்குளத்துக்குக் கிட்ட ரைமிங் பெல்ற் அறுந்தது, எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற பட்டி. பட்டென்று எஞ்சின் நின்றது, அவ்வளவுதான். லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் வந்த ஒருவர் கயிறு போட்டு இழுத்துக் கொண்டுவந்து கராஜில் விட்டார், காசு வாங்கவில்லை. இந்த எஞ்சினில் பெல்ற் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடு ஒன்று முட்டாது. அப்படி முட்டுகிற எஞ்சின்கள் உண்டு, அவற்றில் பெல்ற் அறுந்தால் எஞ்சின் தலை (சிலிண்டர் ஹெட்) முழுக்கப் போய்விடும். எனக்குப் புதுப் பெல்ற் ஒன்றோடு வேலை முடிந்தது, பின்னேரம் அதே காரில் வீட்டுக்கு வந்தேன். சாமானுக்கும் பஞ்சமில்லை. கொழும்பில் பழைய கார்ச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்கு ஒரு போன் அடித்தால் இரவு பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். விடியக்காலை ஏ9 ஓரத்தில் சாரத்தோடு நின்றால் போதும், பஸ்காரத் தம்பி யன்னலால் நீட்டுவான்.

இனி முள்ளுக்கு வருவோம்.

டாஷ்போட்டில் வெப்பம் காட்டுகிற அந்தச் சின்ன முள். ஆறு வருசமாக நான் வீதியைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் கூட. நடுவிற்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டியது. கிளிநொச்சிச் சந்தைக்குள் ஊர்ந்தாலும், எஞ்சினை ஓட விட்டுவிட்டுக் கடையில் நின்றாலும் அசையாமல் அங்கேயே நிற்கும். மாங்குளத்தில் இருந்து திரும்பி வரும்போது, பின்னேர வெயில், ஏசி, எண்பதில் பத்து நிமிடம் ஓட்டினால் மெல்ல எழும்பும். முறிகண்டி வரும்போது முக்கால்.

இதைக் கவனித்தவனுக்கு நோய் தெரிந்திருக்க வேண்டும். நின்றால் சூடாகி ஓடினால் ஆறுகிறது என்றால் காத்தாடியில் பிழை. நின்றால் ஆறி ஓடினால் சூடாகிறது என்றால் எஞ்சின் தண்ணீரை ஆற்றுகிற ரேடியேற்றர் அடைத்திருக்கிறது, தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை. எனக்கு இது இப்போது தெரியும். முதலில் கொண்டுபோன கராஜில் தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, "அண்ணை, உது குளிர் நாட்டுக்காரருக்கு. எங்கட வெயிலுக்கு என்னத்துக்கு?" என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. தெர்மோஸ்ரற் என்பது எஞ்சின் ஒரு அளவுக்குச் சூடாகும் வரைக்கும் தண்ணீரை ரேடியேற்றருக்குப் போக விடாமல் மறிக்கிற கதவு. அதைக் கழற்றினால் எஞ்சின் நெடுநேரம் குளிராகவே கிடக்கும். காரின் கொம்பியூட்டர் "இன்னும் சூடாகவில்லை" என்று நினைத்துப் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே போகும். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடிய கார் 9க்கு வந்தது. முள் இரண்டு மாதம் நல்ல பிள்ளையாக இருந்தது. பிறகு பழையபடி.

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும், தெரியும்தானே. பஸ், லொறி, வெளிநாட்டில் இருந்து வந்தவர்களின் வான், எல்லாம் பிள்ளையாருக்கு ஒரு கற்பூரமாவது கொளுத்தாமல் தாண்டாது. மற்றவர்கள் கும்பிட நின்றார்கள். நான் கார் ஆற நின்றேன். கிழமையில் நாலு நாள், இருபது நிமிடம். சும்மா நிற்பது கூச்சமாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் கச்சான் வாங்கினேன். வீட்டில் கச்சான் போத்தல் போத்தலாக நிறைந்தது. கச்சான் விற்கிற அம்மா ஒருநாள் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது: "உந்தத் தம்பிக்குப் பிள்ளையாரில சரியான பக்தி."

அந்த அம்மாதான் தண்ணீரும் தந்தவர். பொனற்றைத் திறந்தால் போதும், ஒரு கலனோடு வந்துவிடுவார். அவர் மட்டும் என்றில்லை. பனிக்கன்குளத்தில் ஒரு வீடு, ஒட்டுசுட்டான் வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடை, வயலில் கமக்காரர்கள். வன்னியில் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற மனிசனுக்குத் தண்ணீர் கொண்டுவராத வீடு இல்லை. வாங்கி வாங்கி ஊற்றினேன். எல்லாம் கிணற்றுத் தண்ணீர்.

ஒருமுறை பொறுமை இல்லாமல் சூட்டோடு மூடியைத் திறந்தேன். அந்த மூடி வெறும் மூடி இல்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் தண்ணீர் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். திறந்த அடுத்த நொடி கொதித்து, ஆவியும் தண்ணீருமாகப் பாயும். வலது முழங்கைக்குக் கீழே பப்பாசி இலை மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது. யாராவது கேட்டால் அடுப்பு என்று சொல்லிவிடுவேன்.

இந்த வருசம் சித்திரை வெயிலில்தான் முடிவு வந்தது. முறிகண்டிக்கு இரண்டு கிலோமீற்றர் இருக்கும்போது முள் மேல் கோட்டை முட்டியது. "பிள்ளையாரடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம்" என்று ஓட்டினேன். அதுதான் பிழை. இரும்பு புளொக்கின் மேல் அலுமினியத் தலை. சூடு மிஞ்சினால் முதலில் கோணுவது தலை. அடுத்த நாள் காலை ரேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து ஸ்ராற் பண்ணினால் தண்ணீருக்குள் குமிழ் குமிழாக வந்தது, சோடாப் போத்தல் மாதிரி. தலைக்கும் புளொக்குக்கும் நடுவில் இருக்கிற ஹெட் காஸ்கற் போய்விட்டது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

இம்முறை வவுனியாவில் காட்டினேன். வயதான மெக்கானிக் பாஸ் ஒருவர், அதிகம் பேசமாட்டார். ரேடியேற்றரின் மேல் தொட்டியைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தார். குழாய்களில் பாதிக்கு வாயே இல்லை. வெள்ளையாக, தடிப்பாக, நகத்தால் கீறினால் செதிள் செதிளாக உதிர்ந்தது. எனக்கு அதை எங்கேயோ கண்ட நினைவு. எங்கே என்று ஒரு நிமிடம் பிடிபடவில்லை. எங்கட வீட்டுக் கேத்தலின் அடி. மனிசி மாதத்துக்கு ஒருமுறை தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்க வைத்துக் கழுவுகிற அதே வெள்ளை.

"தம்பி, உது ரேடியேற்றர் இல்லை. சுண்ணாம்புச் சூளை" என்றார் பாஸ். "கூலன்ற் விட்டதே இல்லையோ?"

தண்ணீருக்குப் பதிலாக ரேடியேற்றருக்கு விடுகிற அந்தத் திரவத்தை விட்டிருக்கிறேன், வாங்கிய வருசம். பிறகு தண்ணீர் கிடைத்துக்கொண்டே இருந்ததால் காசு கொடுத்து வாங்கத் தோன்றவில்லை. எங்கட கிணறுகளின் கடினத்தன்மை பற்றிக் கமக்காரர்களுக்கு வகுப்பு எடுக்கிறவன் நான். சொட்டு நீர்ப்பாசனக் குழாயின் துளைகள் ஏன் அடைக்குது என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். கல்சியம், சூடு, படிவு. அந்தப் படத்தைச் சுருட்டி டிக்கியில் போட்டுக்கொண்டு, முன்னால் பொனற்றைத் திறந்து அதே தண்ணீரை ஊற்றியிருக்கிறேன், ஆறு வருசம்.

ரேடியேற்றர் புதுசு, 32,000. தலையை லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்தது, காஸ்கற் செற், தண்ணீர்ப் பம், பெல்ற், மூடி. கழற்றி எறிந்த தெர்மோஸ்ரற்றும் திரும்பவும் புதிதாக வந்தது. கூலி எல்லாம் சேர்த்துத்தான் மேலே சொன்ன கணக்கு.

இனி மச்சானின் கேள்வி. தரகர் ஒருவர் என்ற காருக்கு 32 இலட்சம் தரலாம் என்கிறார். 2013இல் நான் கொடுத்தது 17. 2020 பங்குனியில் இறக்குமதியை நிறுத்தி, 2025 மாசியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். அந்த ஐந்து வருசத்தில் நாட்டில் இருந்த தகரம் எல்லாம் தங்கமானது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வருகிற புதுக் காரின் விலையைப் பார்த்தால் தலை சுற்றுது. மச்சான் சொல்கிற வாகனார் பழசே 60ஐத் தொடுது. வித்தியாசம் 28 இலட்சம். லீசிங் போட்டால் வட்டி வேறு. 28 இலட்சத்துக்கு இப்படி இருபது தரம் எஞ்சினைத் திருத்தலாம். ஹைபிரிட் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பெரிய பற்றறிக்குக் காற்று எடுக்கிற வழி பின் சீற்றடியில். எங்கட கிரவல் புழுதியை அது எத்தனை மாதம் மூச்சாக இழுக்கும்? பயமாக இருக்கு.

அப்பாவிடம் ஒஸ்ரின் ஏ40 கார் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலைத் துளித்துளியாகக் காட்டி ஸ்ராற் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார். வெள்ளைப் புகையும் அந்த மணமும் இப்பவும் மூக்கில் நிற்குது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வரிசையில் நின்றபோது அந்தக் கார்தான் நினைவுக்கு வந்தது. என்ற 110க்கு மண்ணெண்ணெய் ஒத்துவராது. இடப்பெயர்வில் ஏ40 விசுவமடு வரைக்கும் வந்தது, 2009 தையில். அதற்கு அங்கால கொண்டுபோக முடியவில்லை. அப்பா திறப்பை மட்டும் கொண்டுவந்தார்.

ஆகக் கணக்கும் திருத்து என்கிறது, மனசும் திருத்து என்கிறது. திருத்தியும் ஆயிற்று. முள் இப்போது நடுவிற்குக் கீழே ஆணி அடித்த மாதிரி நிற்குது. மாங்குளம் போய் வந்தாலும், ஏசி போட்டாலும், நாலு பேரை ஏற்றினாலும் அசையவில்லை. லீற்றருக்கு 12 திரும்ப வந்துவிட்டது. அருமையான கார், யார் கேட்டாலும் சொல்வேன்.

ஆனால் மச்சான், நான் விற்கத்தான் போகிறேன்.

முள் அசையவில்லை, நான் பார்ப்பதை நிற்பாட்டவும் இல்லை. பனிக்கன்குளம் தாண்டினால் கண் தானாக அங்கே போகுது. போன செவ்வாய் வீதிக்குக் குறுக்கே மாடு ஒன்று, மனிசி கத்தித்தான் பிரேக் பிடித்தேன். "இஞ்சேருங்கோ, ஒண்டில் ரோட்டைப் பாருங்கோ, இல்லாட்டி என்னை இறக்கிவிடுங்கோ" என்றா. காருக்குச் சுகம் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. தரகரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். 34க்குக் கீழே தரமாட்டேன். புது ரேடியேற்றர்.

நேற்றும் முறிகண்டியில் நின்றேன். நிற்கத் தேவையில்லை, கை தானாகத் திருப்பிவிட்டது. பொனற்றைத் திறக்கவும் இல்லை. ஆனாலும் அந்த அம்மா கலனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "ரெண்டு கிழமையாக் காணேல்லை, என்ன தம்பி, சுகமில்லையோ?" வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கி, முன் கண்ணாடியில் ஊற்றிப் புழுதியைக் கழுவினேன். கச்சான் ஒரு பை வாங்கினேன். கிளிநொச்சி வரும்போது கண்ணாடி காய்ந்திருந்தது, வெயிலுக்கு எதிரே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி.