ஸ்கோரை மறைக்க ஒரு வழி வேண்டும்

ட்ரேஸிங் டூல் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் நேற்று கேட்டார். சாஃப்ட்வேர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒவ்வொரு ரெக்கொயர்மென்டையும், அதைச் சோதிக்கும் டெஸ்ட் கேஸ்களோடு இணைக்க உதவுவது அது. மூன்று வருடமாக அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். ஒரு வரியில் பதில் அனுப்ப மனம் வரவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 400 ரெக்கொயர்மென்ட், 900 டெஸ்ட் கேஸ் என்றால் ஒப்பிட வேண்டிய ஜோடிகள் 3,60,000. கையால் ஆகிற வேலையா அது? டூல் சில நிமிடங்களில் ஒவ்வொரு ரெக்கொயர்மென்டுக்கும் பத்துப் பதினைந்து லிங்க்குகளைப் பொறுக்கி வைத்துவிடும். பழையபடி எக்செல்லில் உட்காரச் சொன்னால் மாட்டேன்.

ஆனால் அந்த ஸ்கோர்! எவ்வளவு பொருந்துகிறது என்று டூலே போடும் மதிப்பெண், லிங்க் பக்கத்திலேயே பச்சையில் 0.82, மஞ்சளில் 0.37. பச்சையைப் பார்த்ததும் கை தானாக 'ஏற்றுக்கொள்' பக்கம் போகிறது.

"இணைப்பு துண்டித்தால் ஆபரேட்டருக்கு அலாரம் எழுப்ப வேண்டும்" என்று ஒரு ரெக்கொயர்மென்ட். முதலிடத்தில் நின்றது, ஆபரேட்டர் அலாரம் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் டெஸ்ட். சொற்கள் ஒத்துப்போனதால் வந்த மதிப்பெண் அது. சரியான டெஸ்ட்டிலோ "ஹார்ட்பீட் நின்றால் ஆபரேட்டர் திரையில் எச்சரிக்கை" என்று எழுதியிருந்தது. ஹார்ட்பீட் என்பது இணைப்பு இருக்கிறது என்று காட்ட விட்டுவிட்டு வரும் சிக்னல்; அது நின்றால் இணைப்பு போய்விட்டது என்று அர்த்தம். பொதுவான சொல் ஒன்றே ஒன்று, அதனால் பதினான்காம் இடம். முதலாவதை ஏற்றேன், பதினான்காவதைப் படிக்காமலே தள்ளினேன். அப்புறம் அந்த ரெக்கொயர்மென்ட் மாறியபோது, திருத்த வேண்டிய டெஸ்ட்டுகளின் பட்டியலில் ஹார்ட்பீட் வரவே இல்லை. தப்பான லிங்க்காவது கண்ணில் படும். விடுபட்ட லிங்க்கை எங்கே போய்த் தேடுவது?

கடபேக், டெக்த்யார், ஹேஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசுகிறது. சரிபார்க்கக் கொடுத்த லிங்க் பட்டியல் மோசமாக இருந்தபோது ஆட்கள் அதைத் தேற்றினார்கள், நன்றாக இருந்தபோது கெடுத்துவிட்டார்கள். என் அனுபவமும் அதேதான். டூலின் பழைய வெர்ஷன் கண்டதையெல்லாம் கொண்டுவந்து கொட்டும், அதனாலேயே ஒவ்வொரு வரியையும் படித்தேன்.

இப்போது ரெக்கொயர்மென்டைப் படித்து, எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று தாளில் எழுதிய பிறகுதான் பட்டியலைத் திறக்கிறேன். டூலால் மிச்சமான நேரத்தில் பாதி அதற்கே போகிறது. ஸ்கோர் நெடுவரிசையை மறைக்க ஒரு பட்டன் இருந்தால் இந்தப் பாடே வேண்டாம். டூல் கம்பெனிக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டும் பதில் இல்லை.

லைசன்ஸைப் போன வாரம்தான் புதுப்பித்தேன். ஆனாலும் நண்பரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னேன். அவர் டீமில் ட்ரேஸிங் பார்ப்பவர் ஒருவர்தான், வேலைக்குப் புதுசு. அந்தப் பச்சையைத் தள்ளிவிட்டுப் பதினான்காவது வரிவரை படிக்கிற துணிச்சல் அவருக்கு இன்னும் வந்திருக்காது.