கணவர் ஊரில் இல்லாதபோது வளர்ந்த ஆடுகள்: கேட் கிரென்வில்லின் ‘எ ரூம் மேட் ஆஃப் லீவ்ஸ்’

ஆஸ்திரேலியாவில் 1966 முதல் 1988 வரை புழங்கிய இரண்டு டாலர் நோட்டில் ஜான் மெக்கார்தரின் முகம் இருக்கும். கூடவே கொம்பு சுருண்ட ஒரு மெரினோ கிடாவும் இருக்கும். இந்நாட்டுக் கம்பளித் தொழிலின் தந்தை என்று பெயர் வாங்கியவர். அந்தத் தந்தை 1801 முதல் 1805 வரையிலும், 1809 முதல் 1817 வரையிலும் இந்த நிலத்திலேயே இல்லை. முதல் முறை படையில் தன் மேலதிகாரியைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுவிட்டு இங்கிலாந்து போனார். இரண்டாவது முறை, 1808இல் ஆளுநர் பிளையைப் பதவியிலிருந்து இறக்கிய கலகத்தில் கை வைத்துவிட்டுப் போனார். அதுவரை ஆடுகள் தாமாகவா பெருகின? மேய்ச்சல், ஆள், கணக்கு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் அவருடைய மனைவி எலிசபெத்.

கிரென்வில் 2020இல் வெளியிட்ட இந்த நாவலை அந்த அம்மையாரே சொல்கிறார். சிட்னிக்கு மேற்கே பரமட்டாவில் 1793இல் கட்டப்பட்ட எலிசபெத் பண்ணை வீட்டைப் பழுதுபார்க்கும்போது கூரைக்குள் ஒரு தகரப் பெட்டி அகப்பட்டதாம். உள்ளே அவர் கைப்பட எழுதிய இரகசிய நினைவுக் குறிப்புகள். நான் வெறும் பதிப்பாசிரியர்தான் என்று கிரென்வில் முன்னுரையில் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார். பழைய உத்திதான், ஆனாலும் இங்கே அதற்கு வேலை இருக்கிறது. எலிசபெத் ஊருக்கு எழுதிய நிஜக் கடிதங்கள் பல இன்றும் இருக்கின்றன. அவற்றில் கணவரைப் பற்றிய குறை கண்ணில் படுவதே அரிது. யாரோடும் ஒத்துப்போகாத, எதற்கெடுத்தாலும் வழக்கும் வம்புமாக அலைந்த ஒருவரோடு வாழ்ந்தவளின் கடிதங்கள் இவ்வளவு சாந்தமாக இருக்குமா? அங்கிருந்துதான் நாவல் புறப்படுகிறது.

முதல் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. டெவன் மாவட்டத்தில் பிரிட்ஜ்ரூல் என்ற சிற்றூர். 1766இல் ஒரு விவசாயி வீட்டில் பிறப்பு. சின்ன வயதில் தகப்பனாரின் சாவு. பாதிரியார் கிங்டன் வீட்டில் வளர்ப்பு. சொத்தில்லை, சீர் கொடுக்க ஆளில்லை. ஒரு மாலை வேலியோரத்தில் நடந்துவிட்ட அவசரம், அதன்பின் வேறு வழியில்லாமல் 1788இல் பிளிமத் துணிக்கடைக்காரரின் மகன் ஜானோடு கல்யாணம். (பிற்காலத்தில் பகைவர்கள் அந்த மகனை ‘ஜாக் பாடிஸ்’ என்று, ரவிக்கையைச் சொல்லிக் கேலி செய்தது வரலாற்றில் இருக்கிறது.) கையில் ஒன்றுமில்லாத ஒரு பெண் தனக்கு எஞ்சியிருக்கும் வழிகளைக் கண்ணீர் இல்லாமல் எண்ணிப் பார்க்கும் அந்தப் பக்கங்களில் எழுத்து கத்திபோல் இருக்கிறது.

பிறகு கப்பல். இங்கிலாந்திலிருந்து கைதிகளை ஏற்றிக்கொண்டு 1790இல் சிட்னி வந்து சேர்ந்த இரண்டாம் கப்பல் அணி கொடுமைக்குப் பேர்போனது. ஏற்றி வந்த சுமார் 1,000 கைதிகளில் கால்வாசிப்பேர் வழியிலேயே செத்தார்கள். எலிசபெத் முதலில் ஏறியது அவற்றில் மிகக் கொடிய ‘நெப்டியூன்’. பெண் கைதிகள் இருந்த பகுதியை ஒட்டிய அறை, சுவரைத் தாண்டி வரும் நாற்றம், காதில் விழும் சாபங்கள் ஆகியவற்றை அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நடுக்கடலில் ‘ஸ்கார்பரோ’வுக்கு மாறினார்கள். பயணத்திலேயே பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்து இறந்தது. நாவல் இதைச் சில பக்கங்களில் கடந்துவிடுகிறது. அந்தச் சிக்கனம் சரியாகவே பட்டது.

கடிதங்களை இந்த நாவல் வாசிக்கும் விதத்தைப் பற்றி எனக்கு ஒரு சொந்தப் பாத்தியதை உண்டு. கல்யாணமாகி ஒற்றைச் சூட்கேசோடு சிட்னியில் வந்து இறங்கிய காலத்தில் நானும் நீல ஏரோகிராமில் அம்மாவுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ‘இவர் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார், குளிர் பழகிவிட்டது, கவலை வேண்டாம்.’ ஒட்டும் மடிப்புவரைக்கும் நுணுக்கி எழுதி இடத்தை நிரப்புவேன், வேறு எதையும் சேர்க்க இடமில்லை என்று ஆகிவிடும். அதனால் எலிசபெத் எந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்திருப்பார் என்று எனக்கு ஓரளவு தெரிகிறது. கிரென்வில்லுக்கும் தெரிந்திருக்கிறது. கடிதத்தில் ஒரு வாக்கியத்தை எடுத்து, அதற்குப் பின்னால் நடந்த கூச்சலை அடுத்த பக்கத்தில் வைக்கும்போது நான் இரண்டு மூன்று இடங்களில் சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

1791இல் தோழிக்கு அவர் எழுதிய ஒரு வரி நிஜம். குடியேற்றத்தின் வானியலாளரான லெப்டினன்ட் வில்லியம் டாஸிடம் விண்ணியல் கற்கப் போனேன், என் திறமையைத் தப்பாக எடைபோட்டுவிட்டேன், அந்தப் பிழையை நினைத்தால் முகம் சிவக்கிறது என்கிறார். விண்ணியலை விட்டுவிட்டுத் தாவரவியல் படித்தாராம். அந்த முகச் சிவப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிரென்வில் முழுக் காதல் கதையே கட்டிவிடுகிறார். இன்று துறைமுகப் பாலத்தின் தெற்குக் கால் ஊன்றியிருக்கும் டாஸ் முனையில், அவருடைய வான்நோக்குக் குடிலுக்குப் பக்கத்தில், தழை மூடிய ஒரு மறைவிடம்தான் தலைப்பு சொல்லும் ‘இலைகளாலான அறை’. கற்பனையாக இதில் தப்பில்லை. ஆனால் டாஸ் மரியாதை, பொறுமை, அறிவு எல்லாம் சேர்ந்த உத்தமர். ஜான் குறையே குறையான மனிதர். இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்தால் வாசகருக்கு என்ன வேலை மிச்சம்? தன் முடிவுக் காலத்தில் புத்தி பேதலித்துப்போன ஜானை இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்திருக்கலாம்.

என் பெரிய மனத்தாங்கல் வேறு. ‘அவசரப்பட்டு நம்பிவிடாதே’ என்ற எச்சரிக்கை நூலின் வாசலிலேயே தொங்குகிறது. கடிதங்களைப் பொறுத்தவரை நாவல் அதைக் கடைப்பிடிக்கிறது. பெட்டிக்குள் இருந்த குறிப்புகளை மட்டும் அப்படியே நம்பச் சொல்கிறது. பண்ணை நிற்பது புர்ரமட்டகல் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். பூர்வகுடிப் போர்வீரர் பெமுல்வுய் தலைமையில் 1797இல் பரமட்டாவிலேயே சண்டை நடந்தது. நாவலின் எலிசபெத், இந்த நிலத்துக்கு உடையவர்கள் உண்டு என்று தெரிந்தேதான் இருந்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். அந்த மனசாட்சி அக்காலத்தில் முளைத்திருக்காது என்று சொல்லமாட்டேன். டாஸே 1790 டிசம்பரில் ஆளுநர் பிலிப் பூர்வகுடிகள் மேல் ஏவிய தண்டனைப் படையில் போக முதலில் மறுத்தவர், போய் வந்தபின் போனதற்கு வருந்தியவர். ஆனால் ஊருக்கெல்லாம் நல்லவளாகக் கடிதம் எழுதப் பழகிய கை, தனக்கென்று எழுதும்போது மட்டும் எப்படி இவ்வளவு நேர்மையாகிவிட்டது? அந்த ஒப்புதலிலும் ஒரு சாமர்த்தியம் இருக்கலாமே என்ற எண்ணத்தை நாவல் நம்மிடம் விதைத்திருந்தால் இது வேறு உயரத்துக்குப் போயிருக்கும். கைதிப் பெண்களில் வீட்டு வேலைக்கு வரும் ஒருத்திக்கு நல்ல பாத்திரம் அமைந்திருக்கிறது. மற்றவர்கள் கப்பலில் போலவே சுவருக்கு அப்பால் நின்றுவிடுகிறார்கள்.

இன்னொன்று, கணக்கு எழுதிப் பிழைத்தவள் என்ற முறையில். ஜான் இல்லாத அந்தப் பன்னிரண்டு வருடங்களுக்கு நாவல் தரும் இடம் போதாது. ஆள் கூலி எப்படிக் கொடுபட்டது, எந்தக் கிடாவை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்று யார் முடிவெடுத்தார்கள், கம்பளி மூட்டை எப்படிக் கப்பலேறியது? காதலுக்குச் செலவிட்ட பக்கங்களில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால் நான் சந்தோஷமாகப் படித்திருப்பேன்.

ஆங்கிலம் எளிது. அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கங்களில் முடிந்துவிடுவதால் ரயிலில் படிக்க வசதி. சிட்னிப் பக்கம் இருப்பவர்கள் ரோஸ்ஹில்லில் அந்த வீட்டையும் ஒரு நடை பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் எஞ்சியுள்ள ஐரோப்பியர் வீடுகளில் அதுதான் மிகப் பழையது. கயிறு கட்டித் தள்ளி நிறுத்தமாட்டார்கள். நாற்காலியில் உட்காரலாம், இழுப்பறையைத் திறக்கலாம். நாவலை முடித்துவிட்டுப் போங்கள், அதுதான் சரியான வரிசை. புத்தகத்தின் கடைசியில் ஆசிரியர் குறிப்பு ஒன்று உண்டு, அதை மட்டும் முன்கூட்டிப் புரட்டாதீர்கள்.