காப்பிக் கொட்டை வறுப்பு: ஓர் ஈட்டுக்கு எவ்வளவு?

முறுக்கு சுடும்போது எண்ணெய்ச் சட்டி தாங்கும் அளவுக்குத்தான் ஓர் ஈடு பிழிகிறோம். காப்பிக் கொட்டை என்றால் மட்டும் வாணலி கொள்ளும் மட்டும் கொட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு அதே இரும்பு வாணலி, அதே காஸ் அடுப்பு, அதே பச்சை பீபெரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) என்று வைத்துக்கொண்டு, 100, 200, 400 கிராம் ஈடுகளாக வறுத்துப் பார்த்தேன்.

400 கிராம் போட்டால் வேலை ஒரே தடவையில் முடியும் என்பதுதான் ஆசை. ஆனால் வீட்டு அடுப்பின் சூடு அத்தனை கொட்டைக்கும் போதவில்லை. மஞ்சள் நிறம் வருவதற்கே பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. கொட்டை சூட்டில் வெடிக்கும்போது படபடவென்று கேட்க வேண்டிய முதல் வெடிப்பு, அங்கொன்றும் இங்கொன்றுமாக இழுத்துக்கொண்டே போயிற்று. மந்தமான சூட்டில் நெடுநேரம் கிடந்த கொட்டை வறுபடவில்லை, வெதும்பிக் காய்ந்தது. டிகாஷன் கறுப்பாகத்தான் இறங்கியது, மணம்தான் இல்லை. இன்னொன்றையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. வறுபடும் கொட்டை எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை இழந்தாலும், பருமனில் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் உப்பும். கடைசி நிமிடங்களில் கிளறக் கிளற அடுப்பெல்லாம் சிந்தியது. இறக்கிய பின்னும் அந்தக் குவியல் தன் சூட்டிலேயே மேலும் கருகிக்கொண்டிருந்தது.

100 கிராமில் தொல்லை நேர் எதிரானது. ஆறேழு நிமிடத்தில் வெடிப்பு வந்துவிடும். கரண்டி ஒரு கணம் நின்றால் ஓரம் கருகும், உள்ளே பச்சை வாடை நிற்கும். ஆனாலும் புதிதாக வாங்கிய கொட்டையின் குணம் தெரிய இதைவிட நல்ல அளவு இல்லை. கெட்டாலும் நட்டம் சிறிது.

என் தேர்வு 200 கிராம். கொட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று புரள இடம் இருக்கிறது. வாணலியின் சூடும் விழுந்துவிடுவதில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெடிப்பு தெளிவாகக் கேட்கிறது. முறத்தில் கொட்டி மின்விசிறிக்குக் கீழே புடைத்தால், தோலும் பறந்துவிடும், கொட்டையும் சில நிமிடங்களில் ஆறிவிடும். இந்த அளவு உருண்டையான பீபெரிக்கு. பிளான்டேஷன் ஏ என்ற பெரிய கொட்டை ரகம் தட்டையான பக்கத்தால் இரும்பில் ஒட்டிப் படுத்துக்கொள்ளும் என்பதால் 150 கிராமோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கையால் சுழற்றும் மூடிய உருளை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது சூட்டை உள்ளேயே தேக்கிவைக்கும், 400 கிராமைக்கூடச் சமாளிக்கும். பாதிக்கு மேல் நிரப்பாமல் இருந்தால் போதும்.

வாணலிக்காரர்களுக்கு நிறைய வேண்டுமென்றால், 200 கிராமாக இரண்டு ஈடு போடுங்கள். இரண்டாவது ஈட்டுக்கு வாணலி ஏற்கெனவே காய்ந்திருக்கும். தீயைச் சற்றுக் குறைக்காவிட்டால், முதல் ஈட்டைவிட இரண்டு நிமிடம் முந்தியே வெடிப்பு வந்துவிடும்.